புதுப் பாட்டால் வெளியேறிய தம்பி

என் வீட்டுக்காரருக்கும் என் தம்பிக்கும் நடுவே வாய்க்கால் வரப்புத் தகராறு ஒன்றும் கிடையாது. ஒரு பாட்டுக் குழுதான். இரண்டு பேருக்கும் அந்தக் குழு என்றால் உயிர், அதற்காகவே ஒருவரை ஒருவர் கடித்துத் துப்புவார்கள்.

எங்களுடையது தையல் கடை. நான் தைப்பேன், தம்பி துணி வெட்டுவான், அவர் பின்னறையில் ஊர்க்காரர்களின் தையல் மிஷின்களைப் பழுது பார்ப்பார். அந்தக் குழு புதிதாக இரண்டு பாட்டு விட்ட அன்று கடையில் ஒரு வேலையும் ஓடவில்லை. தம்பி போனில் அதையே திரும்பத் திரும்பப் போட்டான். பாடுகிறார்களா, பஸ் பிடிக்க ஓடுகிறார்களா என்று இவர் ஆரம்பித்தார். பழைய பாட்டில் எவ்வளவு நிதானம், குரலில் எவ்வளவு கனம் என்று ஒரு மணி நேரம் பேசினார். பழையதும் இதே வேகம்தான் என்று தம்பி போனிலேயே போட்டுக் காட்டினான். போனில் வருவதெல்லாம் யாரோ கைவைத்துக் கெடுத்தது, அசல் என் கேசட்டில்தான் இருக்கிறது என்று இவர் சாதித்தார். அதோடு விட்டிருக்கலாம்.

"பாட்டு கேக்க காது வேணும்டா. துணி வெட்டுறவனுக்கு அது எங்க புரியப் போவுது?" என்றார்.

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். மூன்றாம் நாள், எதிர்ச்சாரியில் இருக்கும் தையல் கடையில் திங்கட்கிழமை முதல் சேரப் போகிறான் என்று காதில் விழுந்தது. அம்மா போன பிறகு நான் சோறூட்டி வளர்த்த பிள்ளை அவன். ஒரு பாட்டுக்காக அவனை இனிமேல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டுமா?

போய்க் கூப்பிடுங்கள் என்று இவரிடம் கெஞ்சினேன். அசையவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

சனிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. பின்னறைக்குப் போய், அவர் கேசட் போட்டுக் கேட்கிற டேப் ரெக்கார்டர் பெட்டியை உடைத்தே தீருவது என்று தூக்கினேன். பின்மூடி கையோடு வந்துவிட்டது. உள்ளே சக்கரத்தைச் சுற்றுகிற ரப்பர் பெல்ட், பழைய பாவாடை நாடா மாதிரி தொய்ந்து கிடந்தது. பெல்ட் தொய்ந்தால் எதுவும் மெதுவாகத்தான் ஓடும், தையல்காரிக்கு இது தெரியாதா? ஊரிலுள்ள மிஷினுக்கெல்லாம் பெல்ட் மாற்றுகிற மனிதர், தன் பெட்டியைப் பதினைந்து வருஷமாகத் திறந்தே பார்க்கவில்லை. அவர் பெல்ட் போட்டு வைக்கிற டப்பாவிலிருந்தே மெலிசாக, அளவான ஒன்றை எடுத்து மாட்டி, அவர் உருகி உருகிக் கேட்கிற பாட்டைப் போட்டேன்.

சாப்பிட்டுவிட்டு வந்தவர் வாசலிலேயே முகத்தைச் சுளித்தார். "அந்தப் புதுக் கண்றாவிய யாரு இங்க போட்டது?"

"உங்க கேசட்டுதாங்க," என்று பழைய பெல்ட்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

இழுத்துப் பார்த்தார். அது நீண்டுகொண்டே போனது. மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் விடுவேனா? இதை நீங்களே கொண்டுபோய் அவனிடம் காட்டுங்கள் என்று தள்ளாத குறையாக அனுப்பினேன்.

தம்பியோடுதான் திரும்பினார். அவன் தெருவிலிருந்தே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தான். இதுவரை மாமாவின் கேசட் என்றாலே எழுந்து ஓடுகிறவன், அன்று பழைய பெல்ட்டை மாட்டச் சொல்லி அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டான். சிரிப்பு நின்றது.

"மாமா, நெசமாவே இப்படிக் கேட்டாத்தான் நல்லா இருக்கு," என்றான்.

இவர் ஒத்துக்கொள்வாரா? குழு பாடினது வேகமாகத்தான், அதுதான் சரி, மெதுவாகக் கேட்பது அவர்களுக்குச் செய்கிற துரோகம் என்று பிடித்துக்கொண்டார். அவன் புதுப் பாட்டைக்கூட போனில் வேகம் குறைத்துப் போட்டு, இப்போது கேளுங்கள் என்றான். கட்சியை மாற்றிக்கொண்டு இரண்டு பேரும் கையை நீட்டி நீட்டிக் கத்தினார்கள்.

எனக்கு மறுபடியும் பயம் வந்துவிட்டது. நடுவில் புகுந்து, "திங்கக்கெழம அந்தக் கடைக்குத்தான் போறியாடா?" என்று கேட்டேன்.

"அங்க ஒருத்தனுக்கும் இந்தக் குழுவையே தெரியாதுக்கா. போய் யாரோட சண்ட போடுறது?" என்றான்.