சங்கு ரூம் சுவிட்ச்

…கேட்கவே இல்லையே, லைட்டு எங்கன இருக்குன்னு அவன் ஒரு வார்த்தை கேட்கவே இல்லையே என்று மெட்டில்டா நாற்காலியின் மேல் நின்றபடி நினைத்தாள், கையில் திரு இருதய ஆண்டவர் படம், கண்ணாடியில் தூசி, படம் இருந்த இடத்தில் மட்டும் சுவர் பழைய பச்சையில் சதுரமாக விழித்துக்கொண்டு கிடந்தது. புரோக்கர் ஜாபேஸ் செல்போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு முன்னறையை வீடியோ எடுத்தான், வீடு விற்க இப்போது இதுதான் வழியாம், வீடியோவைப் பார்த்துப் பிடித்தவன்தான் நேரில் வருவானாம். "அக்கா, படத்துக்குக் கீழ இருக்க அந்தச் செவப்பு பல்பையும் எடுத்துருங்க. வாங்க வாரவன் தன் சாமிய அங்கன வச்சுப் பார்க்கணும்லா." சொல்லும்போது சிரித்தான். காலையில் வந்ததுமே மூக்கைச் சுருக்கி, கருவாட்டு வாசம் அடிக்கு என்றான், அவள் சாம்பிராணி போட்டாள், அதற்கும், "இப்ப கோயிலுக்குள்ள வந்த மாதிரி இருக்குக்கா, பார்ட்டி முழங்கால் போட்டுரப் போறான்" என்றான். பேச்சுக்காரன்தான், பேச்சுக்காரனை நம்பலாமா, வாங்குகிறவனிடமும் இப்படித்தானே சிரிப்பான், யாருக்காக வேலை பார்க்கிறான் இவன்…

ஆனால் அந்த சுவிட்ச். அடுக்களைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு அறை, அப்பா சங்கு வியாபாரம் செய்த காலத்தில் மூட்டைகளை அடுக்கியது, இன்னமும் அதற்கு சங்கு ரூம் என்றுதான் பெயர். உப்பு பூத்து உள்சுவர் எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும், சுவிட்சைத் தொட்டால் கரண்டு அடிக்கும், அதனால் அப்பா அதை வெளியே மாற்றி, பாத்திர அலமாரிக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில் வைக்கச் சொன்னார். யாருக்கும் பிடிபடாது. கூடப்பிறந்த அக்கா பிலோமிகூட ஒவ்வொரு தடவையும் இருட்டுக்குள் தலையை நீட்டிச் சுவரைத் தடவிவிட்டு, "ஏளா மெட்டில்டா, லைட்டு எங்கன இருக்கு?" என்று கத்துவாள். இந்த ஜாபேஸ் தடவவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தான், இடது கை அலமாரிக்குப் பின்னால் தானாகப் போனது, டிக், வெளிச்சம். தன் வீட்டில் போடுகிற மாதிரி.

"தம்பி, இந்த வீட்டுக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?" என்று கேட்டும் பார்த்தாள். "நானா? ரோட்டுல போகும்போது பார்த்ததுதான்க்கா. உள்ள இன்னைக்குத்தான்." கேள்வி முடியுமுன்னே பதில் வந்துவிட்டதோ, அல்லது தனியாக இருந்து இருந்து தனக்குத்தான் எல்லாமே அப்படித் தோன்றுகிறதோ… சாவி வைத்திருக்கிறானோ, அடுத்த தெருக்காரர் யாராவது சொல்லியிருப்பார்களோ, அவர்களுக்கு எப்படித் தெரியும். கப்பலில் வேலை பார்க்கிற புருசன் ஆன்றோவிடம் சொன்னால் சிரிப்பார், உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்பார். விற்கலாம் என்று வாயைத் திறந்து முதலில் சொன்னது அவள்தானே. கிறிஸ்துமஸ் குடிலைப் பிரித்து வைத்த அன்று, வீடியோ காலில். அதற்கு முன் எத்தனை தடவை அவர், அவ்வளவு பெரிய வீட்டுல ஒத்தையில என்ன செய்வே, உப்புக்காத்து கம்பியெல்லாம் தின்னுட்டுதே, துறைமுகத்து நிலக்கரித் தூசி உனக்கு ஆகாதே என்று… அவள், "அப்ப வித்துருவோமா?" என்றதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, பின்னால் என்ஜின் உறுமல் மட்டும். பிறகு, "அப்பா உனக்குன்னு தந்த வீடு. உன் இஷ்டம் ஏளா" என்றார். அவருக்கும் வீட்டை விட மனசு வரவில்லை போல என்று அவள் நினைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானே ஒன்றை முடிவு செய்ததாக, அந்த வாரம் முழுக்க நிமிர்ந்து நடந்தாள்.

ஜாபேஸ் பைக்கைத் திருப்பி நிறுத்தி ஹெல்மெட்டை மாட்டினான். "நாளைக்குக் காலையில பார்ட்டியக் கூட்டிட்டு வாரேன். நல்ல மனுசன். நீங்க கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்." கிளப்பினவன், ஏதோ நினைவு வந்தவனாக, "அண்ணனுக்கு முட்டுவலி தேவலையா?" என்றான்.

"தேவல" என்றாள். வேறு என்ன சொல்வது.

பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது, துறைமுகப் பக்கம் கப்பல் ஒன்று ஊதியது, அவள் கேட்டைப் பிடித்தபடி நின்றாள், கம்பியின் துரு உள்ளங்கையில் ஒட்டியது. முட்டுவலி. ஆன்றோவுக்கு முட்டுவலி வந்தது ஒரே ஒரு தடவை, போன ஆடியில், பனிமய மாதா கோயில் கொடியேறின அன்று வந்து, தேர் முடிந்ததும் போனது. லீவில் வந்திருந்த மனுசன், அந்தப் பத்து நாளும் சாயங்காலம் நீ மட்டும் போயிட்டு வா ஏளா, என்னால நிக்க முடியாது என்று வீட்டிலேயே இருந்தார், அடுத்த மாதம் கப்பல் ஏணியில் விறுவிறுவென்று ஏறுகிற போட்டோவை அனுப்பினார். ஒரு நாள் அவள் திரும்பி வந்தபோது அடுக்களையில் இரண்டு டீ கிளாஸ் கழுவிக் கவிழ்த்திருந்தது. கிளாஸ் கழுவவே தெரியாத ஆள், அவளுக்கும் சேர்த்து டீ போட்டு, வழி பார்த்துப் பார்த்து ஆறிப்போனதும் அதையும் தானே குடித்திருப்பார் என்று நினைத்து அன்றைக்கு உருகிப்போனாளே… அந்த இரண்டாவது கிளாஸ் இந்த ஜாபேஸுடையதா? ஆடி எங்கே, விற்கிற பேச்சே வந்த கிறிஸ்துமஸ் எங்கே. அப்படியானால், வித்துருவோமா என்று அவள் கேட்டபோது போனில் இருந்த அந்த மௌனம் என்ன மௌனம்?

இல்லை, சும்மா டீ குடிக்க யாராவது வந்திருக்கலாம், ஜாபேஸும் ஆன்றோவிடம் போனில் பேசும்போது முட்டுவலியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். இருக்கலாம். உள்ளே வந்தாள். முன்னறை நாற்காலியில் ஆண்டவர் படம் வெயிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது, ஆணி அப்படியேதான் இருந்தது, திரும்ப மாட்டவா என்று யோசித்து, மாட்டாமல் சங்கு ரூம் வரை நடந்து, கையை அலமாரிக்குப் பின்னால் விட்டு லைட்டை அணைத்தாள். நாளைக்கு அந்த நல்ல மனுசன் வரட்டும். முன்னால நீங்க போங்க என்று சொல்ல வேண்டும். இருட்டுக்குள் அவர் கை எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும்.