வலி விட்ட நாட்கள்

லாரி டயரைத் தூக்கக் குனிந்தபோது முதுகு பிடித்துக்கொண்டது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். பொய். அப்போது எங்கள் பஞ்சர் கடை வாசலில் நிமிர்ந்துதான் நின்றிருந்தேன், கையில் டயர் கழற்றும் இரும்புக் கம்பியோடு. காரை விட்டு இறங்காமலே ஒருவன், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, "நாலு நட்டு கழட்ட நாள் முழுக்க வேணுமாடா உனக்கு?" என்றான். "அஞ்சே நிமிஷம் சார்" என்று என் வாய் சொன்னது. வாய் சொல்லி முடிப்பதற்குள் அந்தக் கம்பியால் அவன் பல்லை உடைத்து, காலரைப் பிடித்து வெளியே இழுத்து, முகத்தைத் தரையில் தேய்ப்பதுவரை மனதுக்குள் நடத்தி முடித்துவிட்டேன். முடித்த நொடியில் இடுப்புக்குச் சற்று மேலே யாரோ ஸ்பேனரை வைத்து இறுக்கினார்கள். அவன் போனதும் சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்கு நடந்தேன். பகல் பதினொரு மணி.

இரண்டு வருடமாக இதே கூத்து. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. போன மாதம் பார்த்த டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்புல ஒரு குறையும் இல்ல. மனசுல அடக்கி வைக்கிறது சில பேருக்கு முதுகுல வந்து உட்காரும்" என்றார்.

"அப்போ நான் நடிக்கிறேங்கிறீங்களா?"

"வலி நிஜம்தாங்க. அது எப்பல்லாம் வருதுன்னு ஒரு மாசம் குறிச்சு வைங்க, பேசலாம்."

எழுத்துக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அந்த வேலையை மனைவி தலையில் கட்டினேன். அவள் வீட்டிலேயே துணி தைப்பவள். தையல் மெஷினுக்கு மேலே தொங்கும் காலண்டரில், துணியில் கோடு போடும் நீலச் சாக்கட்டியால் குறித்து வந்தாள். என்ன எழுதினாள் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

நான் உள்ளே நுழைந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை. மகள் தரையில் உட்கார்ந்து, அம்மாவின் மர ஸ்கேலை வைத்து வெட்டுத் துணிகளை அளந்துகொண்டிருந்தாள். நான் சுவரைப் பிடித்து நிற்பதைப் பார்த்ததும் ஸ்கேலோடு மெஷினுக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

"ஏன் ஓடுற? நான் என்ன பேயா?" சாதாரணமாகக் கேட்கத்தான் நினைத்தேன். கத்தலாக வந்தது. "அந்த ஸ்கேலைக் கொடு இங்க!"

கை துறுதுறுத்தது. ஒரே ஒரு அடி, எல்லாம் இளகிவிடும் என்று முதுகு சொன்னது. அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்களே, என் விஷயத்தில் அது மருந்துச் சீட்டு.

மனைவி மெஷினை நிறுத்தினாள். எழுந்து காலண்டரைக் கழற்றி என் முன்னால் நீட்டினாள். "இதைப் படிங்க. அப்புறம் அடிக்கணும்னா அடிங்க."

மூன்று கட்டங்களில் மட்டும் நீல எழுத்து. ஐந்தாம் தேதி: கம்பி, கடைக் கூட்டாளி தோள். பதினொன்று: சாப்பாட்டுத் தட்டு, என் நெற்றி. இருபத்திரண்டு: ஸ்கேல், பாப்பா முதுகு, ஒன்பது.

"இதெல்லாம் வலி வந்த நாளே இல்லையே" என்றேன். "அஞ்சாம் தேதி நான் நல்லாத்தானே இருந்தேன்? சிரிச்சிக்கிட்டே சாப்பிட்டேனே."

கூட்டாளியின் தோள் எலும்பு காய்ந்த குச்சிபோல முறிந்த நாள் அது.

"சாப்பிட்டீங்க. ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க." அவள் புருவத்துக்கு மேலே காயம் இன்னும் ஆறவில்லை. "வலி வர்றதுக்கு எதுக்குங்க காலண்டர்? உங்க மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. அது எப்படிப் போகுதுங்கிறதுதான் எங்களுக்குப் பிரச்சனை. அதான் வலி போன நாளைக் குறிச்சேன்."

"ஒன்பதுன்னா?"

"அவ எண்ணிக்கிட்டு இருந்தா."

திருந்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். அப்போதும் என் கண் ஸ்கேலைத்தான் தேடியது. மனைவியின் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோத வேண்டும்போல இருந்தது. எனக்கே என்னைப் பார்த்துப் பயமாக இருந்தது. உள் அறைக்குப் போய், "வெளியே தாழ் போடு. நான் என்ன கத்தினாலும் திறக்காதே" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் தாழ் விழுந்தது.

தரையில் குப்புறப் படுத்தேன். முதுகு என்னை முறுக்கிப் பிழிந்தது. துண்டைக் கடித்துக்கொண்டு, அந்தக் காரிலிருந்தவனைத் திரும்பத் திரும்பக் கொன்றேன். எத்தனையாவது தடவையிலோ அவன் முகம் போய் மகளின் முதுகு வந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன். ஒன்பதை எட்ட முடியவில்லை. நாலிலேயே அழுகை வந்துவிட்டது. கடைசியாக எப்போது அழுதேன் என்று ஞாபகமில்லை. நெஞ்சு வலிக்க வலிக்க அழுதேன்.

அழுகை ஓய்ந்து எழுந்து உட்கார்ந்தபோதுதான் கவனித்தேன். முதுகு லேசாக இருந்தது. குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன். இல்லை. ஒருவரையும் தொடாமல், ஒரு பொருளையும் உடைக்காமல் வலி போயிருந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவை. சந்தோஷம் தாங்காமல் கதவுக்கு ஓடினேன்.

"ஏய், வலி விட்டுடுச்சு! கதவைத் திற! வலி போயிடுச்சு!"

ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. பிறகு மகளின் குரல், மெதுவாக:

"அம்மா, அப்பா உள்ள யாரை அடிச்சாங்க?"

நான் தரையில் மண்டியிட்டு, கதவுக்கடியில் இருந்த இடைவெளி வழியாகப் பார்த்தேன். வெளிச்சத்தில் நான்கு பாதங்கள். சின்னப் பாதங்கள் இரண்டும் மெல்லப் பின்னால் நகர்ந்து, பெரிய பாதங்களுக்குப் பின்னால் போய் நின்றன.