பெரிய கிளாக்கரின் லாச்சி

தபால்காரச் சிவசாமி மழைக்கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலில் வந்து நின்றபோது, ஜீவராணி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மணி ஒன்றரை இருக்கும். அக்கரப்பத்தனைக்குப் போகிற ரோட்டில் விடியும்போதே மண் சரிந்து பஸ் நின்றுபோனதால், அவள் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. டவுனில் டெலிபோனும் இன்டர்நெட்டும் வைத்திருக்கிற ஒரு கொமினிகேஷன் கடையில் கம்ப்யூட்டர் திருத்துகிற வேலை. செத்த மெஷினையும் எழுப்பி உட்கார வைத்துவிடுவாள் என்று டயகம வரைக்கும் அவளுக்குப் பேர்.

"பாப்பா, பெரிய கிளாக்கர் ஐயா ஒன்னைய ஒடனே கூட்டியாரச் சொன்னாரு" என்றார் சிவசாமி. "ஆபிஸ் கம்ப்யூட்டர்ல இன்டர்நெட் தொறக்க மாட்டேங்குதாம். அவரு மகளுக்கு வெளிநாட்டுல படிக்க எடம் கெடைச்சிருக்கு. இன்னைக்கு நாலு மணிக்குள்ள அதுல சரின்னு பதில் போடலேன்னா எடம் அடுத்த ஆளுக்குப் போயிருமாம். ரோடும் அடைச்சுக் கெடக்கு. மனுசன் தண்டவாளத்துல விட்ட கோழி மாதிரி நிக்கிறாரு."

ஜீவராணியின் கை மாவிலேயே நின்றது. தம்பிராசா கிளாக்கரா? அவளையா கூப்பிடுகிறார்? ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். வருகிற காலம் இப்படி வாசலில் கோணி போட்டுக்கொண்டா வந்து நிற்கும்!

"நீங்க முன்னால போங்க மாமா. கை கழுவிட்டு வர்றேன்."

கை கழுவினாள். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் இருந்த பழைய கடித உறை ஒன்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்த உறைக்கு எட்டு வயசு. தோட்டத்துச் சனத்துக்கு ஏது தனி விலாசம்? லயத்தில் யாருக்குக் கடுதாசி வந்தாலும் தோட்டத்துப் பேருக்குத்தான் வரும். சிவசாமி தபால் பையைச் சுமந்துவந்து ஆபிஸில் பெரிய கிளாக்கரின் மேசையில் கவிழ்ப்பார். தொரைக்கு வந்தது தொரைக்குப் போகும். லயத்துக்கு வந்ததோ பெரிய கிளாக்கரின் மேசை இழுப்பறைக்குள், அந்த லாச்சிக்குள் போகும். பத்தாம் தேதி சம்பள நாள். அன்றைக்கு எப்படியும் எல்லாரும் ஆபிஸுக்கு வருவார்கள், அப்போது பேர் கூப்பிட்டுக் கொடுத்தால் வேலை மிச்சம். இதுதான் ஐயாவின் சட்டம். கல்யாணப் பத்திரிகை பிள்ளை உண்டான பிறகு வரும். சாவுச் செய்தி கருமாதி முடிந்து வரும். கேட்க ஒரு நாதியில்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஜீவராணிக்கு ஆசிரியர் நியமனத்துக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. அந்த லயத்தில் உயர்தரப் பரீட்சை பாஸான முதல் பிள்ளை அவள். பரீட்சை மே இருபத்தெட்டு. கடிதம் தோட்டத்துக்கு வந்தது மே பன்னிரண்டு. அவள் கைக்கு வந்தது ஜூன் பத்து! ஓடிப்போய்க் கேட்டதற்கு, அந்த மனுஷன் பேனாவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "குடுக்கிற நாளிலதான் குடுக்கலாம். உனக்கெண்டு தனித் தபால் கந்தோர் நடத்தேலாது. அடுத்த முறை பாப்பம், போ."

அடுத்த முறை வருஷக்கணக்கில் வரவில்லை. வந்தபோது அவளுக்கு வயசு கடந்திருந்தது. அம்மா மீனம்மா இன்றைக்கும் மழையில் கொழுந்து பறிக்கிறாள். டீச்சர் அம்மாவாக இருக்க வேண்டியவளின் அம்மா! அதை நினைக்கும்போதெல்லாம் ஜீவராணிக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலோடுதான் ஆபிஸ் படியேறினாள்.

தம்பிராசா வாசலிலேயே நின்றார். கழுத்து டை ஒரு பக்கம் கிடந்தது. "வா பிள்ளை, வா. கெதியா வந்து பார்" என்றார். பிள்ளையாம்! எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பாசம் எங்கே போயிருந்தது? உள்ளே கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் அவர் மகள் சிவதர்சினி அழுது வீங்கிய கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். ஜீவராணியைக் கண்டதும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள்.

"அக்கா, காலமையில இருந்து அமத்திறன். திறக்குதில்லை. ஏற்கெனவே திறந்து கிடக்கு எண்டு சொல்லுது. ஆனா ஒண்டையும் காணேல்லை."

ஜீவராணி உட்கார்ந்தாள். பிரவுசர் படத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். மணற்கடிகாரம் ஒரு நிமிஷம் சுற்றியது, பிறகு அந்தப் பெண் சொன்ன அதே பதில் இங்கிலீஷில் வந்தது: ஏற்கெனவே ஓடுகிறது, முதலில் அதை மூடு. உள்ளே ஏதாவது ஒளிந்து ஓடுகிறதா என்று பட்டியலைத் திறந்து பார்த்தாள், ஒன்றும் ஓடவில்லை. மெஷினை நிறுத்திப் போட்டாள். மறுபடியும் அதே பல்லவி. பிறகு பிரவுசர் தன்னுடைய சாமான்களை வைத்திருக்கிற கோப்புறையைத் தேடிப்போய், அதன் குணங்களைக் காட்டுகிற பெட்டியைத் திறந்தாள்.

அட! கோப்புறைக்கும் அதற்குள் இருந்த அத்தனைக்கும் 'வாசிக்க மட்டும்' என்று சரி அடையாளம் போட்டிருந்தது. பிரவுசர் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் தன் வீட்டுக்குள் நாலு வரி எழுதியாக வேண்டும். எழுத விடாமல் கையைக் கட்டினால், வேறு யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிடும். அடையாளத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது. அரை நிமிஷ வேலை.

"ஐயா, இதுல யாராச்சும் கை வச்சாங்களா?"

"ஒருத்தரும் தொடேல்லை. சின்னக் கிளாக்கர் வேலை நேரத்தில இதில கிரிக்கெட் பாக்கிறான் எண்டு முந்தாநாள் நான்தான் ஒரு பூட்டுப் போட்டனான். ஹெட் ஒபிசில சொல்லித்தந்த பூட்டு. ஆனா அதுக்கும் இதுக்கும் என்ன? பூட்டினவன் நான், எனக்குத் திறக்கும்தானே?"

ஜீவராணிக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்தது. லாச்சியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகுகிற புத்தி! கம்ப்யூட்டரும் தன் இடுப்புச் சாவிக்குத் திறக்கும் என்று நினைத்திருக்கிறார். தன் வினை தன்னைச் சுடும் என்பது வேறெதற்காம்?

அவள் மவுசை விட்டுக் கையை எடுத்தாள்.

"என்ன நோய்னு தெரிஞ்சிருச்சுங்க."

"அப்பாடா! திருத்து பிள்ளை, திருத்து. ரெண்டு மணியாகுது."

"திருத்தலாம். பத்தாம் தேதி வாங்க."

"பத்தாம் திகதியோ? என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? இண்டைக்கு அஞ்சு!"

"குடுக்கிற நாள்லதானுங்களே குடுக்கலாம்? ஒங்களுக்குன்னு தனியா ஒரு தபால் கந்தோர் நடத்த முடியுங்களா?"

தம்பிராசாவுக்கு அது தன் வாயிலிருந்து வந்த பேச்சு என்று உடனே பிடிபடவில்லை. சொன்னவனுக்கு ஞாபகம் இருக்குமா? வாங்கியவளுக்கு அல்லவா இருக்கும்! "தொரையிட்டச் சொல்லி உன்ர லயத்துக் காம்பிராவைப் பறிப்பன்" என்று மேசையில் அடித்தார். ஜீவராணி அசையவில்லை. அடித்த கையே பிறகு கும்பிட்டது. "பிள்ளை, அவளின்ர வாழ்க்கையெடி. மூண்டு வருஷமாப் படிச்சு எடுத்தது."

"நானும் படிச்சுத்தாங்க எடுத்தேன்" என்றாள் ஜீவராணி. இடுப்பிலிருந்த உறையை எடுத்து மேசையில் வைத்தாள்.

எடுத்துப் பார்த்தது அவரல்ல, மகள். முத்திரைத் தேதியைப் பார்த்தாள். கடிதத்தை விரித்துப் பரீட்சைத் தேதியைப் பார்த்தாள். உறையின் மேலே, தம்பிராசாவே தன் அழகான கையெழுத்தில், 'கொடுத்தது 10.06.99' என்று குறித்திருந்தார். கணக்குச் சுத்தமான மனுஷன் அல்லவா!

"அப்பா, இது உங்கட எழுத்துத்தானே?"

தம்பிராசா கழுத்து டையை நேராக்கினார்.

அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தபோது ஜீவராணிக்கு ஒரு கணம் மனசு இளகியது, பொய் சொல்வானேன். இவள் என்ன பாவம் செய்தாள்? ஆனால் இளகினால் போச்சு. எட்டு வருஷத்து ஆத்திரம் இன்றைக்கு விட்டால் என்றைக்கு?

"லாச்சியத் தொறங்கய்யா" என்றாள். "உள்ள இருக்கிறத நீங்களே லயத்துக்குக் கொண்டுபோய், உரியவங்க கையில குடுங்க. எப்ப வந்துச்சுன்னும் ஒங்க வாயால சொல்லுங்க. அதுக்கப்புறம் இதைத் தொடுறேன்."

"மழையில, நானோ? லயத்துக்கோ? சிவசாமியிட்டக் குடுத்து விடுறன்."

"அப்ப பத்தாம் தேதி பாப்பம்ங்க."

"திறவுங்கோ அப்பா!" என்று கத்தினாள் சிவதர்சினி. அழுகை நின்று கோபம் வந்திருந்தது அவளுக்கு.

சாவி இடுப்பிலிருந்து வந்தது. லாச்சிக்குள் பதினாறு கடிதங்கள், ரப்பர் வளையம் போட்டு அடுக்காக. போன மாதம் பத்தாம் தேதிக்குப் பிறகு வந்தவை அத்தனையும் பத்திரமாகப் படுத்திருந்தன.

இருபது வருஷமாகத் தோட்டத்தில் இருந்தவர் லயத்துப் படியை அன்றைக்குத்தான் மிதித்தார். ஜீவராணி குடையைத் தனக்கு மட்டும்தான் பிடித்தாள், அவர் தலைக்கு நீட்டவில்லை. கடிதங்கள் நனையாமல் இருக்கட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் பை மட்டும் கொடுத்தாள். சப்பாத்துக்குள் சேறு புகுந்து சளக் சளக் என்றது. காம்பிரா காம்பிராவாக, அறை அறையாக நின்று பேரை வாசித்து, "இது போன மாசம் வந்தது, நான்தான் வைச்சிருந்தனான்" என்று சொன்னார். முதல் நாலு வாசலில் முணுமுணுத்தார். "சத்தமாங்க, காது கேக்கல" என்று ஜீவராணி பின்னாலிருந்து தூண்டிய பிறகு தெளிவாகச் சொன்னார். நல்லமுத்து, வாங்கிய கடிதத்தைப் பிரிக்காமலே அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான். மூக்கன் கிழவர் காறித் துப்பினார். ஜீவராணிக்குத் தேன் குடித்தது போல இருந்தது.

கடைசிக் காம்பிரா வேலாயியுடையது. கடிதம் அவள் மகள் பூரணிக்கு, அரசாங்க முத்திரை போட்ட நீள உறை. பூரணி அங்கேயே கிழித்துப் படித்தாள். படித்துவிட்டுக் கத்தினாள். "அம்மா! நர்ஸ் படிப்புக்குக் கூப்பிட்டிருக்காங்க! திங்கக்கெழம இன்டர்வியூ! எட்டாம் தேதி!"

வேலாயி ஓடிவந்து தம்பிராசாவின் ஈரக் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சாமி! இந்த மழையில நீங்களே நடந்து கொண்டாந்தீங்களா? ஒங்க பிள்ளை குட்டி நல்லா இருக்கணும்யா!"

ஜீவராணி வசவுக்காகக் காத்திருந்தாள். இப்படி வாழ்த்து வரும் என்று நினைக்கவே இல்லை. ஆனால் அந்த மனுஷனின் முகத்தைப் பார்த்தபோது, வசவு இவ்வளவு தூரம் போயிருக்காது என்று தெரிந்தது. கையை இழுக்கவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை அவரால்.

"எப்ப வந்துச்சுன்னு சொல்லுங்கய்யா" என்றாள் ஜீவராணி, விடாமல்.

"போன மாசம் பதின்மூண்டு" என்றார் தம்பிராசா. "லாச்சிக்குள்ள கிடந்தது. வாற பத்தாம் திகதிதான் தந்திருப்பன்."

எட்டாம் தேதி இன்டர்வியூ, பத்தாம் தேதி கடிதம். வேலாயி கணக்குப் போட்டாள். அவள் கை மெல்ல அவர் கையை விட்டது.  மகளை இழுத்து அணைத்துக்கொண்டு, யாரோ பிள்ளையைப் பறிக்க வந்தது போல உள்ளே போய்விட்டாள்.

ஆபிஸுக்குத் திரும்பியபோது மூன்று நாற்பது. சிவதர்சினி மணிக்கூட்டைப் பார்த்தபடி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஜீவராணி ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். கோப்புறையைத் திறந்தாள். அந்தச் சரி அடையாளத்தை எடுத்தாள், ஓகே கொடுத்தாள். பிரவுசரைத் தட்டினாள். திறந்தது.

டெலிபோன் லைன் கீச்சுக் கீச்சென்று கத்திப் பிடிக்க நாலு நிமிஷம், பக்கம் வர மூன்று நிமிஷம். தம்பிராசா அந்த ஏழு நிமிஷமும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்று ஐம்பத்திரண்டுக்குச் சிவதர்சினியின் பதில் போய்ச் சேர்ந்தது. அவள் ஜீவராணியின் தோளில் முகத்தைப் புதைத்து விம்மினாள்.

"இவ்வளவுதானோ?" என்றார் தம்பிராசா.  "அரை நிமிஷம்கூட எடுக்கேல்லையே. இதுக்கோ என்னை ரெண்டு மணித்தியாலம் இந்தப் பாடு படுத்தினாய்?"

ஜீவராணி மேசையில் கிடந்த தன் உறையை எடுத்து இடுப்பில் செருகினாள். லாச்சியிலேயே தொங்கிய சாவியை உருவி, வாசலில் நின்ற சிவசாமியின் கையில் வைத்தாள். தம்பிராசா தடுக்கவில்லை.

"அரை நிமிஷந்தாங்க" என்றாள். "ஒரு லாச்சியத் தொறந்து ஒரு கடுதாசி எடுத்துக் குடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதுவும் அரை நிமிஷந்தான். எனக்கு அது கெடைக்கலீங்க ஐயா."