மூன்றாம் பூச்சு

"நிறத் தேர்வில் நேர்ந்த பிழைக்கு மறைந்த சிசெலின் அறிக்கையே காரணம்."

நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்பின் கடைசி வரி. எங்கள் மாவட்டப் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் ஆவணப் பொறுப்பாளன் நான். கோப்பில் சேர்க்க என்னிடம்தான் கொடுத்தார்கள். சிசெல் என் மனைவி; சங்கத்துக்காகப் பழைய சுவர் நிறங்களை ஆராய்ந்தவள். போய் ஐந்து மாதம்.

தாளை எடுத்துக்கொண்டு, சங்கம் புதுப்பித்திருந்த பழைய சுங்க அதிகாரி வீட்டுக்குப் போனேன். இரண்டு மணிக்குத் திறப்பு விழா. கூடம் முழுக்கச் சாம்பல் பச்சை. 1950களில் ஊரில் பாதிச் சமையலறைகளுக்கு இருந்த நிறம். வீடு கட்டியது 1790இல்.

இயக்குநர் அர்ன்ஃபின் வாஃபிள் தின்றுகொண்டிருந்தார்.

"யாரும் அவள குத்தம் சொல்லலப்பா. மூணாவது பூச்சுன்னு அவதான் எழுதியிருந்தா. மூணாவதை அடிச்சோம். பாவம், மருந்து மயக்கத்துல எழுதினது."

அவள் சொல்ல, நான் தட்டச்சு செய்த அறிக்கை. ஒவ்வொரு வரியையும் மூன்று முறை திருப்பிப் படிக்கச் சொன்னாள்.

பெயிண்டர் எய்லர்ட் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார். "மூணுன்னு எங்கேருந்து எண்ணினீங்க?" என்றேன்.

"மேலேருந்து. வெங்காயத்த நடுவுலேருந்தா உரிப்பாங்க?"

சுவர் நிறம் ஆராய்கிறவர்கள் சுவரின் மரப்பலகையை ஒட்டிய முதல் பூச்சிலிருந்துதான் எண்ணுவார்கள். அவருக்கு அது தெரிய வேண்டியதில்லை. அர்ன்ஃபினுக்குத் தெரிய வேண்டும்.

"அவ படிப்படியா சுரண்டி நம்பர் போட்ட இடம் எங்க? அத அப்படியே விடணும்னு விதி."

"அதையும் சேத்து அடின்னு இவர்தான் சொன்னாரு. சுவத்துக்குச் சொறி புடிச்ச மாதிரி இருக்காம்."

எய்லர்டின் சுரண்டியை வாங்கினேன். கதவுக்கு இடப்புறம், முழங்கால் உயரம். அப்போது அவளால் நிற்க முடியவில்லை. புதுப் பூச்சு இன்னும் இறுகவில்லை. தோலாக உரிந்து வந்தது. அடியில் விரலகலப் படிகள் ஒன்பது. மரத்தருகே பென்சிலில் 1. மூன்றாவது, மங்கிய காவி மஞ்சள்.

எய்லர்ட் குனிந்து பார்த்தார். "அடப்பாவி, அர்ன்ஃபின். ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சரிப்பா, அடுத்த கூட்டத்துல அந்த வரிய எடுத்துடறோம். இப்ப முன்னால ஒரு நாற்காலி போட்டு மறைச்சிடலாம்."

"இப்பவே மாத்துங்க." தாளை நீட்டினேன்.

"நீ துக்கத்துல பேசற."

"துக்கம் வேற. இது கோபம்."

அவர் அந்த வரியை அடித்தார். மேலே எழுதினார்: எண்ணியதில் பிழை நேர்ந்தது.

"யாரு எண்ணினதுல?"

வாசலில் கார் கதவுகள் சாத்தும் ஓசை. 'சங்கம்' என்று சேர்த்தார்.

"சங்கத்துக்குக் கை கிடையாது. உங்க பேர எழுதுங்க."

எழுதினார். எழுத்து கோணலாக இருந்தது. வாங்கி மடித்துப் பையில் வைத்தேன். கோபம் இம்மியும் குறையவில்லை.