நிரோஷினி இறங்கிப்போன காட்சி

பஸ்லினாவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. தேநீர் ஆறுவதற்குள் இரண்டு தடவை எழும்பி நடப்பாள். ஒரு வாரம் வீடியோ போடாவிட்டால் உலகமே தன்னை மறந்துவிடும் என்று பயம். அதனால் வத்தேகமச் சந்தையில் கொத்தும் அச்சாறும் தின்று, எல்லாவற்றுக்கும் "ஆஹா" சொல்லி யூடியூப் சனலை ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஆஹாவில் வந்த காசை நம்பித்தான் அவளுடைய உண்மையான வேலை நடந்தது.

குவைத்துக்கு வேலைக்குப் போகும் நிரோஷினி என்ற தேயிலைத் தோட்டத்துப் பெண்ணைப் பற்றிய ஆவணப்படம் அது. ஹுன்னஸ்கிரிய தோட்டத்து லய வீடுகளில் அவளோடும் அவள் தாய் சிவனம்மாவோடும் பஸ்லினா ஒரு வருடமாகச் சுற்றினாள். நிரோஷினி வீட்டைவிட்டு இறங்கும் காட்சியில் படம் முடியவேண்டும். அது இல்லாவிட்டால் படமே இல்லை.

அந்தக் காலையில் சிவனம்மா மகளுக்குத் திருநீறு பூசினார். பஸ்லினா அதை எடுத்தாள்.

"பொறப்புடுற புள்ள முன்னால அழக்கூடாது மிஸ். நான் குசினியில இருந்துக்கிறேன். நீங்க நல்லா எடுங்க" என்றார் சிவனம்மா. மகளிடம், "பின்னால கூப்பிட மாட்டேன். போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பஸ்லினா பொத்தானை அழுத்தினாள். நிரோஷினி பெட்டியோடு படியிறங்கி, காத்திருந்த வேனை நோக்கி நடந்தாள். வெளிச்சம் கூடியிருந்தது, குறைத்தாள். ஒரு நாய் குறுக்கே வந்தது, மனதுக்குள் திட்டினாள். வீடியோவுக்கு என்ன தலைப்பு வைக்கலாம் என்றுகூட யோசித்தாள். வேன் போனதும் மறுபடி பொத்தானை அழுத்திவிட்டுக் கெமராவைத் தோளில் போட்டாள். அப்படியொரு சந்தோஷம் அவளுக்கு.

மஹய்யாவில் தன் அறைக்கு வந்து போட்டுப் பார்த்தபோது அந்தக் காட்சியே இல்லை. திருநீறு பூசும்போது ஓடவிட்ட கெமராவை அவள் நிறுத்தவே இல்லை. தொடங்க அழுத்தியபோது அது நின்றது. நிறுத்த அழுத்தியபோது ஓடத் தொடங்கியது. சிவப்புப் புள்ளியை ஒருமுறை பார்க்கப் பொறுமையிருந்தால்தானே! வேன் போனபின் சேறும் அவளுடைய சப்பாத்துக் கால்களும்தான் பதிவாகியிருந்தன.

அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அதே மாதிரிப் பெட்டி, அதே நிறச் சல்வார், வேறொரு பெண், முதுகுப் பக்கம். யாருக்குத் தெரியப்போகிறது? சிவனம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும் என்று மறுநாளே பஸ் ஏறினாள்.

அவளைக் கண்டதும் சிவனம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"வாங்க மிஸ். ஒங்களத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அந்தப் படத்தக் கொஞ்சம் போட்டுக் காட்டுங்க."

"எதம்மா?"

"அவ எறங்கிப் போனதத்தான். ஜன்னல் வழியாவாவது பாத்திருப்பேன். நீங்க எடுக்கிறீங்கதானேன்னு மனசக் கட்டிக்கிட்டு உள்ளயே இருந்துட்டேன். அவ திரும்பிப் பாத்தாளா மிஸ்?"

பஸ்லினா அந்தக் காலையை நினைத்துப் பார்த்தாள். அவள் அங்கேதான் நின்றிருந்தாள். வெளிச்சம் ஞாபகம் இருந்தது, நாய் ஞாபகம் இருந்தது. நிரோஷினியின் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. "திரும்பிப் பாத்தா" என்று ஒரு பொய் சொல்லிவிடலாம். சொல்ல நாக்கு வரவில்லை.

"கெமரா ஓடல்லம்மா" என்றாள். "நானும் சரியாப் பாக்கல்ல."

சிவனம்மா திட்டவில்லை. மகள் இறங்கிப்போன படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப எம்புள்ள போனத யாருமே பாக்கலையா மிஸ்?"