கோட்டைக்கோயில் கதவின் உள்பக்கம்

கோட்டைக்கோயிலின் சாவி பூவம்மாளின் பிறந்த வீட்டுச் சொத்து. அந்தக் காலத்துச் சண்டையில் குதிரைப்படை வந்தபோது, அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன் அந்தோணிமுத்து இந்தச் சாவியால்தான் கதவைத் திறந்து, ஊர்க் கூலி ஜனத்தை உள்ளே விட்டுக் காப்பாற்றினாராம். வருஷா வருஷம் திருநாள் பவனியில் சாவியைத் தட்டில் ஏந்தி முன்னால் நடப்பது அந்த வீட்டார்தான். அன்றைக்குப் பூவம்மாளுக்குக் கால் தரையில் பாவாது. யாராவது சண்டைக்கு வந்தால், "எங்க தாத்தன் கதவு தெறக்கலன்னா நீ பொறந்தே இருக்க மாட்ட!" என்று ஒரே போடாகப் போடுவாள். அதற்குமேல் எவள் வாயைத் திறப்பாள்?

1931-ல் கோயிலுக்கு நூற்றைம்பது வயது. கோயிலைச் சுற்றி நின்று, இடிந்து மண்ணாய்ப் போன கோட்டையை முன்பிருந்தபடியே பெரிய சீலையில் படமாக எழுதித் தரும்படி மிஷன் பள்ளி டிராயிங் மாஸ்டர் ரத்தினசாமியைக் கேட்டார்கள். அவர் பூவம்மாளின் புருஷன். மனுஷன் வெயிலில் காய்ந்து, அஸ்திவாரத்தைக் கயிறு பிடித்து அளந்து, மதிலையும் கொத்தளத்தையும் மணிக்கூண்டையும் எழுதி முடித்தார். கோட்டை வாசல் கதவுதான் பாக்கி. அது ஆம்பூரில் ரஷீத் அஹமதுவின் டேனரியில் தோல் அடுக்கும் பலகையாய்க் கிடக்கிறது என்று தெரிந்ததும், பூவம்மாளும் சாவியோடு கிளம்பிவிட்டாள்.

நாலு ஆள் சேர்ந்து கதவைத் தூக்கி நிறுத்தினார்கள். யானை முட்டாமலிருக்க அடித்த இரும்பு முள் ஒரு பக்கம். அது வெளிப்பக்கம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாவித் துவாரமும் அங்கேதான். பூவம்மாள் சாவியை நுழைத்தாள். கச்சிதமாய்ப் பொருந்தியது.

"பாத்தீங்களா! எங்க தாத்தன் சாவிதான்!"

ரத்தினசாமி பின்பக்கம் போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார்.

"பூவு, இங்க வா."

உள்பக்கத்தில் துவாரமே இல்லை. தாழ்ப்பாளும் இல்லை. குறுக்குக்கட்டை மாட்டும் கொண்டிகள்கூட முள் பக்கம்தான் இருந்தன.

"இன்னாங்க இது? படை வந்தா உள்ள இருக்கறவங்க எப்படிப் பூட்டிக்குவாங்க?"

"அவங்க பூட்டிக்கல பூவு. ஓடிடாம கூலி ஜனத்த வெளில இருந்து பூட்டி வெச்சிருக்காங்க."

அவள் அடிக்கப் போவதுபோல் திரும்பினாள். அப்போதுதான் மரத்திலிருந்த கீறல்கள் கண்ணில் பட்டன. நகத்தாலும் கல்லாலும் கீறியவை, நூற்றுக்கணக்கில். சில முழங்கால் உயரத்தில் இருந்தன.

"நாங்க தோலு இழுத்த கீறல்னு நெனச்சோம்மா," என்றார் ரஷீத் மெதுவாக.

"ஐயோ, கொழந்தைங்க!" பூவம்மாள் தோல் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். படுபாவி, இதற்கா தட்டு ஏந்தினேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

இரண்டு நாள் அவள் அடுப்பு மூட்டவில்லை. ரத்தினசாமி சமாதானம் சொல்லிப் பார்த்தார். "யாருக்குத் தெரியப் போவுது? அந்தோணிமுத்து தெறந்து விடறாப்லயே எழுதிடறேன். உங்க வீட்டு மானமும் போவாது."

மூன்றாம் நாள் காலையில் அவள் சீலையின் முன் வந்து நின்றாள்.

"அவர வெளில நிறுத்துங்க. பூட்டறாப்ல எழுதுங்க."

"ஊரு சும்மா வுடுமா? அதுவும் இல்லாம, அவர் மூஞ்சிய நான் பாத்ததே இல்லயே. எந்த மூஞ்சிய வெக்கறது?"

பூவம்மாள் அறைக் கதவை இழுத்துச் சாத்தி, பூட்டுகிறவளைப்போல் அதன்மேல் கையை வைத்து, முகத்தை அவருக்கு நேராகத் திருப்பினாள்.

"என் மூஞ்சிய வெய்ங்க."