மூன்று நிமிட இரங்கலுரை

என் கணவருக்கு மாகாணசபை உறுப்பினர் பதவி போய் ஏழு வருடமாகிறது. சபையே காலாவதியாகிவிட்டது, தேர்தலும் வைக்கிறார்களில்லை. மனிதர் மட்டும் இன்னும் பதவியில் இருப்பதுபோலத் திரிகிறார். ஊரும் "மெம்பர், மெம்பர்" என்று கூப்பிட்டு அவரைக் கெடுத்து வைத்திருக்கிறது. அடுத்த தேர்தலுக்கென்று அவர் விடாமல் செய்யும் வேலை ஒன்றுதான்: செத்தவீடு. வலிகாமத்தில் யார் கண்ணை மூடினாலும் மைக்கடியில் இவர் நிற்பார்.

எங்கள் மகள் ஆரணி அவரிடம் எதையும் கேட்டவளில்லை. கலியாணம் முற்றாகி நாள் குறித்தபோது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்பா, பொன்னுருக்குக்கு நீங்கள் கட்டாயம் நிக்கவேணும். தாலிக்கு உருக்கிற பவுணைத் தொட்டு ஆசீர்வதிக்கவேணும்."

"ஓம் பிள்ளை, அது என்ரை பொறுப்பு." மேடையில் றோட்டுப் போட்டுத் தருவேன் என்ற அதே குரல்.

பொன்னுருக்கு புத்தூரில், மாப்பிள்ளை வீட்டில். பத்தரைக்கு நல்லநேரம். பத்து மணியாகியும் ஆளைக் காணவில்லை. "கட்சிக் கூட்டம், வந்துகொண்டிருக்கிறார்" என்று மாப்பிள்ளையின் தாய் பத்மாவதியிடம் வாய்கூசாமல் பொய் சொன்னேன். பொன்னுருக்குக்குப் பெண் போகும் வழக்கமில்லை; அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து ஆரணி போன் எடுத்தாள்.

"அம்மா, அப்பா கொழும்புத்துறையிலை ஒரு செத்தவீட்டிலை பேசிக்கொண்டு நிக்கிறார். பேஸ்புக்கிலை லைவ் போகுது." அழுதுவிடுவாள் போலிருந்தது.

தாம்பாளத்தில் பவுண் சபையைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது எங்கள் வான் வந்து நின்றது. இறங்கியவரின் தலைமயிரில் ஈரமே இல்லை. செத்தவீட்டுக்குப் போனவர் முழுகாமல் நல்ல காரியத்தில் கால்வைக்கலாமா? சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது இவருக்குத் தெரியாதா? எல்லோரையும் கும்பிட்டபடி உள்ளே வந்து பவுணுக்குக் கையை நீட்டினார்.

பத்மாவதி தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. உங்கடை பேச்சை நாங்களும் போனிலை பாத்தனாங்கள். நீங்கள் இன்னும் முழுகேல்லைப் போலை கிடக்கு."

எந்தச் சபையிலும் வாய் ஓயாத மனிதர், நீட்டிய கையை மடக்கிக்கொண்டு கேற்றடிக்குப் போனார். ஆசாரி பவுணை உருக்கினார். என் பொய்யும் வெளிப்பட்ட வெட்கத்தில் நான் தலை நிமிரவில்லை.

எல்லாம் முடிந்து வானில் ஏறியபோது மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

"மூண்டு நிமிசந்தான் தந்தவங்கள், கமலா. அதுக்குள்ளை மைக்கைப் பறிச்சுப்போட்டாங்கள்."

"உங்கடை மோள் மூண்டு நிமிசமும் கேக்கேல்லை. ஒருக்காத் தொட்டிருந்தால் காணும்."

போன் அடித்தது. எடுத்தார். "அளவெட்டியிலை ஆராம்? எத்தினை மணிக்குச் சவம் எடுக்கினம்?"

போனைப் பறித்து நிறுத்தினேன்.

"நேரே வீட்டை போங்கோ. பவுணைத் தொடேல்லை எண்டு அவளுக்கு நான் சொல்லமாட்டன், நீங்கள் சொல்லுங்கோ. உங்களுக்குத்தானே இரங்கலுரை நல்லா வரும்."